நோய் வராத வருடத்தின் செலவுக் கணக்கு

2001 அக்டோபர் 2. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 63 வயதுக்காரர் ஒருவரைக் கடும் காய்ச்சலும் நினைவுக் குழப்பமுமாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று முதுகுத்தண்டு நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ். தடித்த குச்சி போன்ற பாக்டீரியாக்கள் தெரிந்தன. ஆந்த்ராக்ஸாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. நம் ஊரில் ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோயை உண்டாக்கும் அதே கிருமிதான். ஆனால் மூச்சு வழியாக அது மனிதரைத் தாக்குவது மிக அபூர்வம். 20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் அமெரிக்காவில் அப்படிப் பதிவானவர்கள் 18 பேர்தான்; அதில் கடைசி நோயாளி 1976இல்.

மருத்துவர் தன் சந்தேகத்தை உள்ளூர்ச் சுகாதாரத் துறையிடம் சொன்னார். மாதிரி ஜாக்சன்வில் நகரிலிருந்த மாநில அரசு ஆய்வகத்துக்குப் போனது. ஆந்த்ராக்ஸைச் சோதிக்கத் தனியாகப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே வேலையில் இருந்தார். அக்டோபர் 4 அன்று நோயை உறுதிசெய்து அறிவித்தார்கள். நோயாளி மறுநாள் இறந்துபோனார். ஆனால் அந்த இரண்டு நாளுக்குள் நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டதால்தான், அவர் வேலைபார்த்த பத்திரிகை அலுவலகத்தைப் பூட்டவும், அங்கிருந்தவர்களுக்கு மாத்திரை கொடுக்கவும், இதேபோல வேறு எங்கே காய்ச்சல் வருகிறது என்று நாடு முழுக்கத் தேடவும் முடிந்தது.

அந்த ஆய்வக ஊழியருக்குப் பயிற்சி எப்படிக் கிடைத்தது? 1999இல், எந்தத் தாக்குதலும் நடக்காதபோதே, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யையும் அரசு ஆய்வகங்களின் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வக வலையமைப்பை உருவாக்கியது. அபூர்வமான கிருமிகளை எல்லா மாநிலங்களிலும் ஒரே முறையில் சோதிக்கக் கற்றுக்கொடுத்தது. அந்த வருடத்துச் செலவுக் கணக்கைப் பார்த்தவர் எவராவது, ‘இது எதற்கு? ஆந்த்ராக்ஸ் யாருக்கு வந்தது?’ என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினமாகத்தான் இருந்திருக்கும்.

தொற்றுநோய்க்கும் உயிரிப் பயங்கரவாதத்துக்கும் ஓர் அரசு தயாராக இருப்பது என்றால் என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் நின்றுபோகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். பெரும்பாலும் அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன். இதற்காக அதிகம் செலவழித்த நாடு அது. அந்தச் செலவு பலித்த இடங்களும் வீணான இடங்களும் பொதுவெளியில் பதிவாகியிருக்கின்றன.

தாக்குதலா, இயற்கையா?

கிருமியையோ கிருமி சுரக்கும் நஞ்சையோ வேண்டுமென்றே பரப்பி மக்களைக் கொல்வதும் அச்சுறுத்துவதும் உயிரிப் பயங்கரவாதம். கொள்ளைநோய் தானாகப் பரவுவது. சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு முதல் சில நாட்களில் எந்த வேறுபாடும் தெரியாது.

1984இல் ஆரிகன் மாநிலத்தில் த டேல்ஸ் என்ற சிற்றூரில் 751 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. காரணம் சால்மோனெல்லா பாக்டீரியா. விசாரித்த சுகாதார அதிகாரிகள், உணவகப் பணியாளர்களின் கைச்சுத்தம் சரியில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. அருகிலேயே ஆசிரமம் அமைத்திருந்த ரஜனீஷின் சீடர்களில் சிலர், உள்ளூர்த் தேர்தலில் மற்றவர்களை வாக்களிக்க வரவிடாமல் செய்யும் திட்டத்தின் ஒத்திகையாக, பத்து உணவகங்களின் சாலட் மேசைகளில் கிருமியைத் தெளித்திருந்தார்கள். நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. சீடர்களுக்குள்ளேயே பிளவு வந்திராவிட்டால், அது சாதாரண உணவு நச்சு என்றே இன்றுவரை பதிவேட்டில் இருந்திருக்கும்.

1993இல் ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு டோக்கியோவின் கமெய்டோ பகுதியில் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து ஆந்த்ராக்ஸைத் தெளித்தது. துர்நாற்றம் என்று அக்கம்பக்கத்தினர் புகார் கொடுத்ததோடு சரி, யாருக்கும் நோய் வரவில்லை. அவர்கள் பயன்படுத்தியது கால்நடைகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் ஸ்டெர்ன் என்ற வீரியம் குறைந்த ரகம் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் ஆய்வில் தெரிந்தது. அந்த வகைத் தடுப்பூசியை நம் ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் தயாரிக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உயிர் காப்பது அது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையே காட்டுகின்றன. தாக்குதலைக் கண்டுபிடிக்கவென்று தனியாக ஒரு ஏற்பாட்டைக் கட்ட முடியாது. காய்ச்சலோடு வருபவரைக் கவனமாகப் பார்க்கும் மருத்துவர், மாதிரியைச் சோதிக்கும் ஆய்வகம், ‘வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதே’ என்று எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தேகப்படும் சுகாதார அலுவலர் ஆகியோர்தான் இரண்டுக்கும் காவல். ஒவ்வொரு மழைக்காலத்திலும் டெங்குவைத் தேடும் அதே ஆட்கள்தான் என்றாவது ஒருநாள் வரக்கூடிய தாக்குதலையும் முதலில் பார்ப்பார்கள்.

பணம் எதற்குப் போகிறது

தயார்நிலைச் செலவு என்றதும் தடுப்பூசியும் முகக்கவசமும்தான் நினைவுக்கு வரும். அவை ஒரு பகுதிதான். கண்காணிப்புக்கும் ஆய்வகத்துக்கும் ஆகும் செலவில் பெரும்பங்கு சம்பளம். மருத்துவமனைகளில் தனி அறைகளும் ஒத்திகைகளும் வேண்டும். மருந்துக் கையிருப்பு வேண்டும். இன்னும் கண்டுபிடிக்கப்படாத மருந்துக்கான ஆராய்ச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையிருப்பில் உள்ள மாத்திரையைக் கிடங்கிலிருந்து தெருமுனை வரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது இந்தக் கடைசி இனத்தில்தான்.

ஆராய்ச்சிக்கும் கையிருப்புக்கும் அரசு ஏன் பணம் போட வேண்டும், மருந்துக் கம்பெனிகள் தாமாகச் செய்யாதா என்று கேட்கலாம். சர்க்கரை நோய் மாத்திரைக்குக் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், தினமும் வாங்குகிறார்கள். மனிதர்களுக்கான ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியைத் தன் கைக்காசில் வாங்குபவர் யார்? பெரியம்மை 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்கான தடுப்பூசியை யார் கடையில் கேட்பார்கள்? இவற்றுக்கு வாங்குபவர் அரசு ஒன்றுதான். அரசு வாங்குவதாக முன்கூட்டியே உறுதி சொன்னால்தான் எந்தத் தொழிற்சாலையும் இதில் இறங்கும். வாங்கிய பொருள் பயன்படாமலே காலாவதியானால் அதுதான் நல்ல முடிவு. அந்த முடிவுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி மக்கள் பிரதிநிதிகளைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் கண்மாய் மராமத்தும் இப்படித்தான். மடையைச் சரிசெய்வதும் கரையைப் பலப்படுத்துவதும் கோடையில் நடக்க வேண்டிய வேலை. வெள்ளம் வந்தபின் மணல் மூட்டைக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அந்தக் கோடை திரும்பி வராது.

பயம் வந்ததும் பெருகிய பணம்

ஃப்ளோரிடாவுக்குத் திரும்புவோம். ஆந்த்ராக்ஸ் பொடி தபால் உறைகளில் அனுப்பப்பட்டது என்பது சில நாட்களில் தெரிந்தது. தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் டாம் டாஷ்ல், பேட்ரிக் லேகி என்ற இரண்டு செனட் உறுப்பினர்களுக்கும் கடிதங்கள் போயிருந்தன. மொத்தம் 22 பேருக்கு நோய் வந்தது. 5 பேர் இறந்தார்கள்.

அந்த ஐவரில் இருவர் வாஷிங்டனில் பிரென்ட்வுட் தபால் நிலையத்தின் ஊழியர்கள். அவர்களுடைய சாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாஷ்லின் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கப்பட்டது அக்டோபர் 15 அன்று. செனட் ஊழியர்களுக்கு உடனே மாத்திரை கொடுத்தார்கள். அதே கடிதம் கடந்துவந்த பிரென்ட்வுட் நிலையம் ஆறு நாட்கள் திறந்தே இருந்தது. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியே வராது என்று அதிகாரிகள் நம்பினார்கள். உண்மையில், கடிதங்களை வேகமாகப் பிரித்தடுக்கும் இயந்திரங்கள் உறையை அழுத்தியதில், காகிதத்தின் நுண்துளைகள் வழியாகக் கிருமியின் வித்துகள் வெளியே பறந்திருந்தன. 21ஆம் தேதி ஒருவரும் 22ஆம் தேதி இன்னொருவரும் இறந்தார்கள். அந்த நிலையம் 21ஆம் தேதிதான் மூடப்பட்டது; பிறகு குளோரின் டை ஆக்சைடு வாயுவால் சுத்தம் செய்யப்பட்டு, 2003 டிசம்பரில்தான் மறுபடி திறந்தது. தபால் ஊழியர்களின் கோபத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரே ஆபத்துக்கு மேல்மாடியில் ஒரு நியாயமும் கீழ்த்தளத்தில் ஒரு நியாயமும் நடந்தது. யாருக்கு முதலில் மருந்து போகும் என்ற கேள்விக்கும் முன்கூட்டியே பதில் எழுதிவைப்பது தயார்நிலையின் ஒரு பகுதி.

அந்த வாரங்களில் எங்கே வெள்ளைப் பொடியைப் பார்த்தாலும் மக்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 1999இல் தொடங்கிய அந்த வலையமைப்பு 1,20,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. ஊழியர்கள் ஆய்வகத்திலேயே படுத்து எழுந்த மாநிலங்கள் உண்டு.

பயம் பணத்தைக் கொண்டுவந்தது. 2001 நவம்பரில், 15.5 கோடி டோஸ் பெரியம்மைத் தடுப்பூசிக்கு 42.8 கோடி டாலரில் ஒப்பந்தம் போட்டார்கள். 2002 ஜூனில் உயிரிப் பயங்கரவாதத் தயார்நிலைக்கென்று தனிச் சட்டம் வந்தது. மாநிலச் சுகாதாரத் துறைகளுக்கு சி.டி.சி. வழியாகப் போகும் தயார்நிலை மானியம் அந்த வருடங்களில் ஏறக்குறைய 94 கோடி டாலரைத் தொட்டது. 2004 ஜூலையில் ‘ப்ராஜெக்ட் பயோஷீல்டு’ சட்டம் வந்தது. பத்து வருடங்களில் 560 கோடி டாலருக்கு மருந்துகளையும் தடுப்பூசிகளையும் வாங்குவோம் என்று அரசு கம்பெனிகளுக்குக் கொடுத்த உறுதிமொழி அது.

பணம் வந்த வேகத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. பயோஷீல்டின் முதல் பெரிய ஒப்பந்தம், புதிய வகை ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி 7.5 கோடி டோஸுக்கு 87.75 கோடி டாலர். சிறிய கம்பெனி ஒன்றுக்குப் போனது. தடுப்பூசி கெடாமல் நிற்கவில்லை, காலக்கெடு தள்ளிக்கொண்டே போனது, 2006 டிசம்பரில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பொருள் தயாரானபின் மொத்தமாகப் பணம் தருவது என்ற முறையில், நடுவழியில் வரும் சோதனைச் செலவுகளைச் சிறிய கம்பெனிகளால் தாங்க முடியவில்லை. இதைப் பார்த்துத்தான் அதே மாதம் வந்த இன்னொரு சட்டத்தில் ‘பார்டா’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஆராய்ச்சிக்கும் விற்பனைக்கும் நடுவிலுள்ள அந்த நீண்ட வருடங்களில், படிப்படியாகப் பணமும் தொழில்நுட்ப உதவியும் தருவது அதன் வேலை. இது பலித்தது. 2016இல், கொசுவால் பரவும் ஜிக்கா வைரஸுக்கு எதிரான தடுப்பூசிக்காக மாடர்னா கம்பெனிக்கு பார்டா 12.5 கோடி டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டது. ஜிக்கா தணிந்துவிட்டது. ஆனால் அந்தப் பணத்தில் வளர்ந்த எம்ஆர்என்ஏ தொழில்நுட்பம் (கிருமியின் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை உடலுக்குக் கொடுக்கும் முறை) 2020இல் கொரோனாவுக்கு எதிராக ஒரு வருடத்துக்குள் தடுப்பூசியாக வந்து நின்றது.

மக்களின் நம்பிக்கையை மறந்துவிட்டு மருந்தை மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தக் காலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2003இல் ஐந்து லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போடத் திட்டமிட்டார்கள். போட்டுக்கொண்டவர்கள் 40,000 பேர்கூட இல்லை. ஒழிந்த நோய்க்கு ஏன் ஊசி என்ற கேள்விக்குச் சரியான விளக்கம் கொடுக்கப்படவில்லை. சிலருக்கு இதய அழற்சி வந்தது. பக்கவிளைவுக்கு நஷ்டஈடு தரும் சட்டம், ஊசி போடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்துத்தான் வந்தது.

இன்னொன்று ‘பயோவாட்ச்’. காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் 2003 முதல் வைக்கப்பட்ட கருவிகள். ஆள் போய் வடிகட்டியை எடுத்துவந்து ஆய்வகத்தில் சோதித்து முடிவு தெரிய 12 முதல் 36 மணி நேரம் ஆகும். இதுவரை ஒரு தாக்குதலைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. இயற்கையாகவே மண்ணில் இருக்கும் கிருமிகளைப் பார்த்து எழுப்பிய எச்சரிக்கைகள் நூற்றுக்கு மேல். கருவி வாங்குவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அந்தப் பணத்தில் பாதியாவது மாவட்டத்துக்கு ஒரு நோய்ப்பரவல் நிபுணரின் சம்பளமாகப் போயிருக்கலாம் என்பது என் கருத்து.

கடிதங்களை அனுப்பியவர் யார் என்ற விசாரணை 2010 வரை நீண்டது. ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த விஞ்ஞானி ஒருவர்தான் என்று எஃப்.பி.ஐ. முடிவுசெய்தது. குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே 2008இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் சான்றுகளை மட்டும் வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு 2011இல் கருத்துச் சொன்னது. யாராக இருந்தாலும், கிருமி ஓர் ஆய்வகத்திலிருந்துதான் வந்திருந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் பணம் கூடினால் ஆபத்தான கிருமிகளைக் கையாளும் இடங்களும் கைகளும் கூடும். அந்த ஆய்வகங்களை மேற்பார்வை செய்வதற்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் போடாத திட்டம் அரைகுறைத் திட்டம்.

பயம் போனதும்

94 கோடியைத் தொட்ட அந்த மாநில மானியம், கொரோனா வரும் வருடத்துக்குள் 67.5 கோடி டாலராகச் சுருங்கியிருந்தது. மருத்துவமனைகளின் தயார்நிலைக்கான நிதி 51.5 கோடியிலிருந்து 27.5 கோடியானது. இடைப்பட்ட வருடங்களின் விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தால் வீழ்ச்சி இன்னும் அதிகம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநில, உள்ளூர்ச் சுகாதாரத் துறைகளில் பல்லாயிரக்கணக்கான வேலைகள் போயின. 1999இல் பயிற்சி கொடுத்து உருவாக்கியது போன்ற ஆட்கள் ஓய்வுபெற்றபோது பல இடங்களில் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

2016இல் நடந்ததைப் பாருங்கள். ஜிக்காவுக்காக அதிபர் ஒபாமா பிப்ரவரியில் 190 கோடி டாலர் கேட்டார். நாடாளுமன்றம் 110 கோடி கொடுத்தது செப்டம்பர் இறுதியில். கொசுப் பருவம் முழுக்க அந்த வாக்குவாதத்தில் போய்விட்டது. நடுவில் கைச்செலவுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மாநிலங்களின் தயார்நிலை மானியத்திலிருந்தே 4.4 கோடி டாலரை எடுத்து ஜிக்காவுக்குத் திருப்பினார்கள். எபோலாவுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்தும் எடுத்தார்கள். அடுத்த நோய்க்காகச் சேமித்ததை எடுத்து இந்த நோய்க்குச் செலவழித்தார்கள்.

தேசியக் கையிருப்புக் கிடங்கின் கதையும் இதுவே. 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது கிடங்கிலிருந்து சுமார் 8.5 கோடி என்95 முகக்கவசங்களை வெளியே அனுப்பினார்கள். நல்ல வேலை. ஆனால் அந்த இடத்தைத் திரும்ப நிரப்பவில்லை. கொரோனா வந்த 2020 தொடக்கத்தில் கிடங்கில் இருந்தவை ஏறக்குறைய 1.2 கோடி. ஒரு வருடத்துக்குத் தேவை 350 கோடி என்று அரசே கணக்குச் சொன்னது. நர்ஸுகள் ஒரே கவசத்தை நாள்கணக்கில் போட்டுக்கொண்டு வேலைசெய்தார்கள்.

கிடங்கில் இருப்பதும் எப்போதும் அப்படியே இருக்காது. குரங்கம்மைக்கும் பயன்படும் நவீனப் பெரியம்மைத் தடுப்பூசியை உருவாக்க அமெரிக்கா நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்தது. ஒரு காலத்தில் கிடங்கில் சுமார் 2 கோடி டோஸ் இருந்தது. அவை காலாவதியாகிக்கொண்டே போக, புதிதாக வாங்குவது தள்ளிப்போனது. 2022 மே மாதம் குரங்கம்மை பரவத் தொடங்கியபோது உடனடியாகக் கையில் இருந்தது 2,400 டோஸ் மட்டும். மீதி டென்மார்க்கில் தொழிற்சாலையில் இருந்தது.

2019இல் 195 நாடுகளின் சுகாதாரப் பாதுகாப்பை மதிப்பிட்ட உலகளாவிய குறியீடு ஒன்று அமெரிக்காவுக்கு 83.5 மதிப்பெண் கொடுத்து முதலிடத்தில் வைத்தது. சட்டங்கள், ஆய்வகங்கள், திட்டங்கள் எல்லாம் இருந்தது உண்மைதான். அவற்றை நெருக்கடியில் ஓட்டும் ஆட்களையும், தலைமையின் விருப்பத்தையும் எந்த மதிப்பெண்ணும் அளக்கவில்லை. 2025 ஆகஸ்டில், கொரோனாவுக்கு எதிராக நின்ற அதே எம்ஆர்என்ஏ தொழில்நுட்பத்தில் பார்டாவின் 22 திட்டங்களை, ஏறக்குறைய 50 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, நிறுத்துவதாக அமெரிக்கச் சுகாதாரத் துறை அறிவித்தது. பத்து வருடம் கட்டியதைக் கலைக்க ஓர் அறிவிப்பு போதுமாக இருக்கிறது. இது எனக்குப் பெரும் வருத்தம் தரும் செய்தி.

உலக அளவில் இதைச் சந்தை வழியாகத் தீர்க்க ஒரு முயற்சி நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா 11,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது; உதவிப் பணம் மிகத் தாமதமாகவே போய்ச்சேர்ந்தது. அதனால் 2017இல் உலக வங்கி ‘பெருந்தொற்றுப் பத்திரங்கள்’ வெளியிட்டது. முதலீட்டாளர்களுக்கு நல்ல வட்டி. குறிப்பிட்ட அளவுக்கு நோய் பரவினால் அவர்கள் போட்ட பணம் ஏழை நாடுகளுக்குப் போகும். கேட்க நன்றாக இருந்தது. 2018இல் காங்கோவில் எபோலா வந்து 2,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது இந்தப் பத்திரத்திலிருந்து ஒரு காசுகூட வரவில்லை. இன்னொரு நாட்டிலும் 20 பேராவது இறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. பக்கத்து நாடான உகாண்டா நோயைத் திறமையாகத் தடுத்துவிட்டதால் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை! கொரோனாவுக்கு 19.6 கோடி டாலர் கிடைத்தது. அதுவும் பெருந்தொற்று உலகம் முழுக்கப் பரவிய பிறகு, 2020 ஏப்ரலில், 64 நாடுகளுக்குப் பங்கு போட்டு. நோய் பெரிதானால்தான் பணம் என்ற விதி, நோய் சிறிதாக இருக்கும்போது அடக்க உதவாது.

நம் பக்கத்தில்

இந்தியாவில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நெருக்கடியில் சட்டமும் நிதியும் டெல்லியிலிருந்து வரும். வீடுவீடாகப் போகும் ஆள் மாநில அரசின் ஊழியர். 1994இல் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி பரவியபோது லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். வெளிநாடுகள் விமானங்களை நிறுத்தின. இறந்தவர்கள் ஐம்பதை ஒட்டியவர்கள்தான். பொருளாதார இழப்போ மிகப் பெரிது. பிளேக் என்று ஆய்வகத்தில் உறுதிசெய்வதற்கே நாட்கள் ஆனதும், அது உண்மையிலேயே பிளேக்தானா என்று பிறகும் தொடர்ந்த சர்ச்சையும், நாட்டின் ஆய்வக நிலையைக் காட்டிக்கொடுத்தன. மாவட்டம்தோறும் நோய்க் கண்காணிப்புப் பிரிவை ஏற்படுத்தும் திட்டம் உலக வங்கி உதவியோடு 2004இல்தான் தொடங்கியது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல், ஆய்வகங்களையும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளையும் கட்ட 64,180 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. அது ஐந்து வருடத் திட்டம். கட்டடம் எழும்பியபின் அதில் உட்காருபவரின் சம்பளத்தைத் தொடர்ந்து யார் தருவது என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி.

2018 மே மாதம் கோழிக்கோட்டில், ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வருவதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட மருத்துவர்கள் மாதிரியை மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நிப்பா என்று தெரிந்தது. புனே ஆய்வகம் உறுதிசெய்தது. நோயாளிகளோடு தொடர்பிலிருந்தவர்களை ஊழியர்கள் ஒருவர் விடாமல் தேடிக் கண்காணித்தார்கள், நோய் அடங்கியது. ஃப்ளோரிடாவில் நடந்தது போலவே சந்தேகப்பட ஒரு மருத்துவர், சோதிக்க ஓர் ஆய்வகம், தேடிப்போக ஆட்கள். 2019லும் 2021லும் 2023லும் நிப்பா கேரளத்துக்குத் திரும்ப வந்தபோது, விரல்விட்டு எண்ணக்கூடியவர்களோடு நின்றது.

தமிழ்நாட்டைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு வெளியே, நோய் வராமல் தடுப்பதற்கென்று தனி இயக்குநரகமும் தனி ஊழியர் அணியும் தனி நிதியும் இங்கே நூறு வருடங்களாக இருக்கின்றன. பொதுச் சுகாதாரச் சட்டமே 1939இல் வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாநிலத்தில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் முகாம்களில் காலராவும் தட்டம்மையும் பரவும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். மற்ற மாவட்டங்களின் சுகாதார ஆய்வாளர்களை அங்கே அனுப்பினார்கள். குடிநீர்த் தொட்டிகளில் குளோரின் கலந்தார்கள், பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள், முகாம் முகாமாகக் காய்ச்சல் கணக்கு எடுத்தார்கள். கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. கிளம்பாத நோய்க்கு நினைவுத்தூண் கிடையாது. அந்த ஆய்வாளர்களின் பெயர்கள் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

அடுத்த முறை மாநில பட்ஜெட்டோ மத்திய பட்ஜெட்டோ வெளிவரும்போது, சுகாதாரத்துக்கு எத்தனை கோடி என்ற மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல் சிலவற்றைத் தேடிப் பாருங்கள். நோய்க் கண்காணிப்புக்கு என்ன ஒதுக்கினார்கள், சென்ற வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு உண்மையில் செலவானது? சுகாதார ஆய்வாளர், ஆய்வக நுட்பநர் பணியிடங்களில் எத்தனை காலி? அவர்கள் நிரந்தரப் பணியாளர்களா, பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்களா? கால்நடைத் துறையின் ஆய்வகங்கள் மனித நோய்களைப் பார்க்கும் ஆய்வகங்களோடு தகவல் பரிமாறுகின்றனவா? கொரோனாக் காலத்தில் வாங்கிய வென்டிலேட்டர்களையும் ஆக்சிஜன் ஆலைகளையும் பராமரிக்கத் தனியாகப் பணம் இருக்கிறதா? இந்தத் தகவல்களில் பல துறைவாரியான மானியக் கோரிக்கைகளிலும் கொள்கை விளக்கக் குறிப்புகளிலும் அச்சில் இருப்பவை. அச்சில் இல்லாதவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம்.